மேற்படி ஐயாவும் ஊதாச் சேலைப் பெண்ணும்

பள்ளிக்கூடத்துக்குள் நடப்பதையெல்லாம் பெற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டுமா, அல்லது பெற்றவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று சிலவற்றைச் சொல்லாமல் விட்டுவிடலாமா? என் மகள் எல்.கே.ஜி.யில் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். அவள் இப்போது ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பதினேழாம் வாய்ப்பாடு வரை தடங்கலில்லாமல் சொல்கிறாள். எனக்குத்தான் இந்த ஒரு கேள்விக்கு இன்னும் விடை தெரியவில்லை.

இந்த விஷயத்தில் சந்தேகமே இல்லாமல் வாழ்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். கோயமுத்தூர் ஜில்லாவில், ஏன், பாலக்காட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், காணாமல் போன ஒரு ரப்பருக்கு முறைப்படி மகஜர் எழுதி இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிய ஒரே மனிதர் அவர்தான். சாட்சிகள் இருவருக்கும் வயது ஆறு. அதில் ஒருவனுக்குத் தன் பெயரில் பாதிக்கு மேல் எழுத வராது. ஆகவே அவனிடம் பெருவிரல் ரேகை வாங்கினார். அந்த மையைப் போக்க அவன் அம்மா ஒரு வாரம் எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள்.

அவரை நாங்கள் 'மேற்படி ஐயா' என்போம். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ரிடையர் ஆனவர். வருகிற புகார்களையெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறவருக்குத்தான் அங்கே ரைட்டர் என்று பெயர். முப்பது வருஷம் எழுதிய கை. 'மேற்படி' போடாமல் அந்தக் கைக்கு ஒரு வாக்கியம் ஓடாது. வாய்க்கும் அதே பழக்கம். "மேற்படி டீயில சக்கரை கம்மிங்க" என்று ஆயாவிடம் அவர் சொன்னதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

அவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்ததற்குக் காரணம் நான்தான்.

என் மகள் யு.கே.ஜி. படித்தபோது, முன்பின் தெரியாத ஓர் ஆள் குடித்துவிட்டுக் காம்பவுண்டுக்குள் வந்து, எல்.கே.ஜி. குழந்தைகளின் பாயை விரித்துப் படுத்துத் தூங்கியிருக்கிறான். ஆயா எழுப்பி அனுப்பியிருக்கிறார். இது நடந்து ஒரு மாதம் கழித்து எங்கள் தெருவுக்கு வரும் காய்கறிக்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த எனக்கு என் மகளின் பள்ளிக்கூடச் செய்தி கத்தரிக்காயோடு வந்து சேர்ந்ததில் பெரிய அவமானம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, தாளில் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன்: "சின்னதோ பெரியதோ, வளாகத்துக்குள் எது நடந்தாலும் பெற்றோருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்." எல்லோரும் கை தட்டினார்கள். தாளாளர், "அம்மணி சொல்றது நாயமுங்க" என்றார். பத்தே நாளில் மேற்படி ஐயா கேட்டுக்குப் பக்கத்து அறையில் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு இரண்டு ஆயுதங்கள். ஒன்று, கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எழுதும் அறிவிப்புச் சீட்டு. அது குழந்தையின் டைரியில் குத்தி வரும். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். இன்னொன்று, வாசலில் இருந்த கரும்பலகை. அதில் அதுவரை தினமும் ஒரு நல்ல சிந்தனை எழுதுவார்கள். மேற்படி ஐயா வந்த பிறகு நல்ல சிந்தனைக்கு இடமில்லாமல் போய்விட்டது.

முதல் வகுப்பில் என் மகளுக்கு வந்த முதல் சீட்டு எனக்கு இன்னும் மனப்பாடம். அவள் பெயர் சரண்யா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை ஏன் மாற்றுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

"மேற்படி மாணவி சரண்யா, முதல் வகுப்பு அ பிரிவு மூன்றாவது பெஞ்சில் இருந்த சமயம், எதிரி ஒருவர் மேற்படியாரின் இடது முன்னங்கையில் பல்லால் கடித்துக் கொடுங்காயம் அல்லாத சாதாரணக் காயம் ஏற்படுத்தினார். எதிரி அடையாளம் தெரிந்தவர். கைது செய்யப்படவில்லை."

'எதிரி' என்ற வார்த்தையை மூன்று முறை படித்தேன். சரண்யா ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு ஊஞ்சல் பலகையில் ஆடிக்கொண்டிருந்தாள்.

"யாரு கண்ணு அந்த எதிரி?"

"விக்கிம்மா. அவன் எம்பட ஃப்ரெண்டு."

மறுநாள் காலை பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பே நான் மேற்படி ஐயாவின் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

"வாங்க அம்மணி. நீங்க வருவீங்கன்னு தெரியுமுங்க" என்று ஃபைலைப் பிரித்தார். "கடிவாயைப் பாத்தனுங்க. மேல் வரிசையில ரெண்டு பல்லுத் தடம் இல்லீங்க. சரி, எதிரிக்கு முன்பல்லு இல்லைன்னு முடிவு பண்ணி மேற்படி வகுப்புல எல்லாத்தையும் வாயைத் தொறக்கச் சொன்னனுங்க. ஒன்பது பேருக்கு முன்பல்லு இல்லீங்க."

"ஒன்பதா?"

"ஆறு வயசுங்களே. கேஸ் சிக்கலாயிப்போச்சுங்க. அப்பறம் விக்கின்னு ஒரு பையன், அவனே வந்து ஒத்துக்கிட்டானுங்க. மொதல்ல அவதான் கடிச்சாள்னு சொன்னானுங்க."

"யாரு?"

"உங்க பாப்பாதானுங்க. அந்தச் சீட்டு அவங்க ஊட்டுக்குப் போயிருக்குதுங்க. அதுல எதிரி உங்க பாப்பாங்க."

பம்ப் செட் கம்பெனியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் அன்று மாலை இதைக் கேட்டுவிட்டு, "நீதான கேட்டே, சின்னதோ பெரியதோன்னு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவருக்கு வேறு வசனமே தேவைப்படவில்லை.

மற்ற அம்மாக்கள் இரண்டு மாதத்தில் அலுத்துப்போனார்கள். சீட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். நான் மட்டும் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்து, கையெழுத்துக்குக் கீழே கேள்வியும் எழுதி அனுப்புவேன். 'காயத்துக்கு என்ன மருந்து போட்டீர்கள்?' 'ரப்பர் கிடைத்ததா?' 'எதிரி இப்போது எந்த பெஞ்சில்?' எல்லாவற்றுக்கும் மறுநாளே பதில் வரும். இருவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைப் பார்த்தால் கல்யாணத்துக்கு முன் என் வீட்டுக்காரர் எனக்கு எழுதியதெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பூட்டு இல்லை என்று அவர் பலகையில் எழுதினார். அன்று மத்தியானமே பூட்டு வந்தது. சறுக்கு மரத்தில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதினார். மறுநாள் ஆசாரி வந்தார். அதற்கு முன் அந்த ஆணி மூன்று வருஷம் அப்படியே இருந்ததாம். எத்தனை பாவாடை கிழிந்ததோ!

இனி என் கதைக்கு வருகிறேன்.

இவ்வளவு செய்தி வந்தால் தாயார் நிம்மதியாக இருப்பாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்குப் பயம்தான் அதிகமானது. சீட்டு வந்தால் இன்றைக்கு இது நடந்துவிட்டதே என்று பயம். வராவிட்டால் எதையோ எழுதாமல் விட்டுவிட்டாரே என்று பயம். கடைசியில் நானே நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். காலை இடைவேளை நேரத்துக்கு டவுன் பஸ் ஏறினால் இரண்டாவது ஸ்டாப். பள்ளிக்கூடத்தின் பின்பக்க மதிலில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. அதன் வழியே குனிந்து பார்த்தால் முதல் வகுப்புக் குழந்தைகள் தின்பண்டம் தின்னும் வேப்பமரத்தடி தெரியும். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, மணி அடித்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வெயிலுக்குத் தலையில் முக்காடு. யாராவது கேட்டால் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளக் கையில் ஒயர் கூடை. உண்மையான குற்றவாளிகளுக்குக்கூட இவ்வளவு முன்யோசனை இருக்குமா என்று தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பலகையில் இப்படி எழுதியிருந்தது:

"பெற்றோர் கவனத்துக்கு. கடந்த நான்கு பள்ளி தினங்களாகக் காலை இடைவேளையில் பின்பக்க மதில் ஓரம் அடையாளம் தெரியாத பெண் ஒருவர் நடமாட்டம். ஊதாச் சேலை. முக்காடு. கையில் ஒயர் கூடை. வயது சுமார் நாற்பது. குட்டை. பருமனான உடல். பிள்ளை பிடிப்பவராக இருக்கலாம். பிடிக்கச் செல்வதற்குள் மேற்படி பெண் பஸ் ஏறித் தலைமறைவு."

சத்தியமாகச் சொல்கிறேன், அது நான்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின் ஐம்பத்திரண்டு கிலோ என்று சீட்டுக் கொடுத்திருந்தது. நாற்பது வயதுக் குட்டைப் பருமனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? என்னிடமும் ஒரு ஊதாச் சேலை இருந்தது உண்மைதான். 'அய்யோ, அவளும் நம்மைப் போல ஆடித் தள்ளுபடியில் எடுத்திருப்பாள் போல' என்றுதான் நினைத்தேன். யாராவது என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று மறுநாள் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

ஆம், போனேன். பிள்ளை பிடிப்பவள் மதில் ஓரம் திரிகிறாள் என்று தெரிந்த பிறகு ஒரு தாய் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? அவளைக் கண்காணிக்க வேண்டாமா? இடைவேளைக்கு ஒரு முறை, சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை போனேன். யாரும் தென்படவில்லை.

புதன்கிழமை பலகை: "இன்று பச்சைச் சேலையில் இன்னொருவர். இரண்டு முறை." வியாழக்கிழமை மஞ்சள் சேலை கட்டினேன். பலகையில் "கும்பல்" என்ற வார்த்தை வந்துவிட்டது.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? மாலையில் கேட் முன்னால் அம்மாக்களைத் திரட்டினேன். "நாம இப்படியே வுட்டம்னா நாளைக்கு யாராவது ஒரு கொழந்தை போயிருமுங்க" என்று பேசினேன். விக்கியின் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். "நீங்க இல்லீன்னா நாங்கெல்லாம் என்னத்தைக் கண்டமுங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் பேச்சைக் கேட்டு வெள்ளிக்கிழமை பாதிக் குழந்தைகள் பள்ளிக்கூடம் வரவில்லை.

தாளாளருக்குக் கோபம் வந்துவிட்டது. அட்மிஷன் நேரம் வேறு. திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம் வைத்தார். மேற்படி ஐயாவுக்கு ஒரே நிபந்தனை. கூட்டத்தில் அந்தப் பெண் யாரென்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத கும்பலைச் சொல்லி ஊரைக் கலக்கியதாக அர்த்தம். சீட்டையும் பலகையையும் நிறுத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போகலாம்.

சனிக்கிழமை காலை மேற்படி ஐயா எனக்கு ஆள் அனுப்பினார். பொறுப்பான பெற்றோர் என்ற முறையில் தடயத்தைப் பார்வையிட வேண்டுமாம். பெருமையாகப் போனேன்.

ஒரு கவரிலிருந்து கசங்கிய துண்டுத்தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மதிலோரத்துல கெடந்துதுங்க. படிங்க அம்மணி."

துவரம்பருப்பு அரைக் கிலோ. சீயக்காய். பாப்பாவுக்குப் பூச்சி மருந்து.

என் கையெழுத்து.

"மேற்படி கும்பல்கிட்ட ஒரு கொழந்தை இருக்குதுங்க" என்றார் மேற்படி ஐயா, என் முகத்தைப் பார்க்காமல். "புடிச்ச கொழந்தைன்னு மொதல்ல நெனச்சனுங்க. ஆனா பூச்சி மருந்தெல்லாம் வாங்கிக் குடுக்கறாங்க. நல்லாப் பாத்துக்கறாங்க போலிருக்குதுங்க." பிறகு ஃபைலிலிருந்து நான் திருப்பி அனுப்பிய சீட்டுகள் நாலைந்தை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். 'எதிரி இப்போது எந்த பெஞ்சில்?' என்று நான் எழுதியது மேலாக இருந்தது.

"ஐயா, அது நாந்தானுங்க" என்றேன்.

"உக்காருங்க. எதுக்குங்க வந்தீங்க?"

"தின்னாளான்னு பாக்கத்தானுங்க."

"என்னத்தை?"

"முறுக்கை."

பேனாவைத் திறந்து எழுதினார். "தின்னுச்சுங்களா?"

"இல்லீங்க. காக்காய்க்குப் போட்டுட்டா."

அதையும் எழுதினார். எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையிலும் ஒரு விஷயம் பொறுக்கவில்லை. "வயசு நாப்பதுன்னு எழுதிப்போட்டீங்களே ஐயா!"

"கண்ணாடி மாத்தோணுமுங்க."

"குட்டை, பருமன்னு வேற..."

"மொட்டை மாடியில நின்னு பாத்தனுங்க அம்மணி. அங்கிருந்து பாத்தா எல்லாருமே அப்படித்தானுங்க தெரிவாங்க."

"என்ர பேரை மட்டும் எழுதிராதீங்க ஐயா" என்று கெஞ்சினேன். நான் திரட்டிய அம்மாக்கள் எல்லோரும் கண்முன் வந்தார்கள். விக்கியின் அம்மா என் கையைப் பிடித்தது ஞாபகம் வந்தது.

அவர் பேனாவை மூடிவிட்டு, "முப்பது வருசத்துல ஒரு பேரை எழுதாம வுட்டதில்லீங்க" என்றார். எழுதுவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாம்பாருக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டேன்.

திங்கட்கிழமை ஹால் நிறையக் கூட்டம். மேற்படி ஐயா எழுந்து நின்றார். "விசாரிச்சாச்சுங்க. மேற்படி பெண்ணால கொழந்தைகளுக்கு எந்த ஆபத்தும் இல்லீங்க. மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதுங்க."

"யாருங்க அந்தப் பொம்பளை?" என்றார் தாளாளர்.

"சொல்றதுக்கில்லீங்க."

"ஏனுங்க, ரப்பர் திருடுன பையன் பேரையெல்லாம் பலகையில போட்டீங்க. இதைச் சொல்ல மாட்டீங்களா?"

அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "அந்தப் பொம்பளை இவருக்கு ஒறம்பரையோ என்னமோங்க, சொந்தக்காரியைக் காட்டிக் குடுப்பாருங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள். விக்கியின் அம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க எந்திரிச்சுக் கேளுங்க. உங்களுக்குத்தான் பேச வரும்" என்றார்.

எழுந்தேன். ஹால் முழுவதும் என்னைப் பார்த்தது. 'அது நாந்தானுங்க' என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. கெமிஸ்ட்ரி வைவாவில்கூட இதைவிட நீளமாகப் பேசியிருக்கிறேன். வாயைத் திறந்தேன்.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் வேகமா வெக்கறீங்களா?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

யாரோ ஃபேனை வேகமாக வைத்தார்கள். கூட்டம் முடிந்தது. அன்றோடு சீட்டும் பலகைச் செய்தியும் நின்றன. வார முடிவில் அவர் சொந்த ஊரான கிணத்துக்கடவுக்குக் கிளம்புவதாக ஆயா சொன்னார்.

கடைசி நாள் அவர் அறைக்குப் போனேன். ஃபைல்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். "நான் சொல்லியிருக்கோணுமுங்க ஐயா" என்றேன்.

"நல்ல வேளைங்க" என்றார். "நீங்க எந்திரிச்சப்ப எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சுங்க, சொல்லிப்போடுவீங்களோன்னு. சொல்லியிருந்தீங்கன்னா மக்யா நாளு காலையிலயே பசங்க பாப்பாவைப் 'புள்ளை புடிக்கறவ பொண்ணு'ன்னு கூப்புட ஆரம்பிச்சிருப்பானுங்க. காலேஜ் போனாலும் அந்தப் பேரு போவாதுங்க. ஒரு வருசமா இவனுங்க கேஸையே எழுதறனே, எனக்குத் தெரியாதுங்களா?"

அன்று மாலை சரண்யாவின் டைரியில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. நிறுத்தச் சொன்ன பிறகும் எழுதிய சீட்டு. பிரதி இல்லை; கார்பன் வைக்காமல் எழுதியிருந்தார். "மேற்படி மாணவி இன்று காலை இடைவேளையில் முறுக்கு இரண்டு தின்றாள். நேரில் பார்க்கப்பட்டது." அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போட்டேன். திருப்பி அனுப்பினால் வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

நாலு வருஷம் ஆயிற்று. போன மாதம் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவன் வந்து, இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றை அவள் அப்பா கூட்டிவரச் சொன்னதாகக் கேட்டிருக்கிறான். ஆயா அனுப்பவில்லை. நல்ல காலம். ஆனால் எங்களுக்கு இது எட்டு நாள் கழித்து ஆட்டோக்காரர் சொல்லித் தெரிந்தது. பழைய மாதிரி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசப் போகிறவள் நான். ஊதாச் சேலைக்காரியை விரட்டியடித்த வீராங்கனை என்று என்னைக் கமிட்டியில் வேறு போட்டிருக்கிறார்கள்.

நான் கேட்டால் தாளாளர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "முன்னாடி ஒருத்தர் எழுதுனாரே, இல்லாத கும்பலை எழுதி ஊரையே கலக்குனாரே" என்பார். இருந்தது, அந்தக் கும்பல் நான்தான், அந்த மனிதர் எழுதியதில் ஒன்றும் பொய்யில்லை என்று அப்போது சொல்லியாக வேண்டும். சொன்னால் அவர் காப்பாற்றிக் கொடுத்த என் மகளுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்துவிடும். சொல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் இனி எதையும் எழுத மாட்டார்கள். வீட்டுக்காரரைக் கேட்டேன். "எந்திரிச்சு இந்தத் தடவை லைட்டைப் போடச் சொல்லு" என்கிறார். இந்தப் பத்திரிகையை எங்கள் பள்ளிக்கூட அம்மாக்களும் வாங்குகிறார்களே, பெயரை மாற்றினால் மட்டும் தெரியாதா என்றும் கேட்கிறார். அது எனக்கு இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான் உறைக்கிறது.

ஆகவே வாசகர்களே, நீங்கள்தான் யோசனை சொல்ல வேண்டும். கூட்டத்தில் சொல்லிவிடட்டுமா? சொல்வதென்றால் முதலில் சரண்யாவிடம் சொல்வதா? ஒரு கார்டு போடுங்கள். எப்படியானாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை கிணத்துக்கடவுக்குப் போய் அவரைப் பார்த்து வருவதாக இருக்கிறேன். போகும்போது என்ன வாங்கிக்கொண்டு போகலாம் என்பதையும் எழுதுங்கள். தினமும் அத்தனை கேள்வி கேட்ட நான், அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.